திறந்தவெளியில் நிற்கும் காருக்கு எந்தப் பூச்சு ஏற்றது?

புதிய கார் வாங்கும் நாளில் கடன், காப்பீடு, பதிவுக் கட்டணம் ஆகிய பேச்சுகள் எல்லாம் முடிந்தபின், விற்பனையகத்தின் மேசையில் கடைசியாக ஒரு தாள் வந்து சேரும். டெஃப்லான் கோட்டிங், செராமிக் கோட்டிங், பி.பி.எஃப். எனப்படும் ஒட்டுப்படலம் என்று மூன்று பெயர்களும், அவற்றுக்கு நேரே நாலாயிரத்தில் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் விலைகளும் அதில் அச்சாகியிருக்கும். வீட்டுக்கு வந்தால், அனுபவப்பட்ட ஓட்டுநர்கள், கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மெழுகு டப்பாவே போதும் என்பார்கள். இவற்றோடு, அண்மைக் காலத்தில் பரவலாகக் கிடைக்கும் சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சையும் சேர்த்தால் தேர்வுகள் ஐந்து. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளியில் நின்று, ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவப்படும் ஒரு காரை மனத்தில் வைத்து இந்த ஐந்தையும் ஒப்பிட விரும்புகிறேன். பத்து ஆண்டுகளில் இரண்டு கார்களில் மெழுகு, சீலன்ட், செராமிக் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த நான் வந்தடைந்த முடிவு இதுதான்: எந்தப் பூச்சு என்று கேட்பதற்கு முன், அந்தக் காரை யார், எந்தத் தண்ணீரால், எந்தத் துணியால் கழுவப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் அருகிலிருந்து பார்த்த கார்களில் பெரும்பாலானவை பளபளப்பை இழந்தது வெயிலால் அல்ல, துடைத்த துணியால்.

காக்கப்பட வேண்டிய பொருள் எவ்வளவு மெல்லியது என்பதிலிருந்து தொடங்குவோம். தொழிற்சாலையில் எஃகுத் தகட்டின்மீது பாஸ்பேட் பூச்சு, மின்னோட்டத்தால் படிய வைக்கப்படும் துருத்தடுப்பு அடுக்கு, பிரைமர், நிறத்தைத் தரும் பேஸ் கோட், இறுதியில் நிறமற்ற கிளியர் கோட் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்படுகின்றன. இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், காரின் நிறத்தை வெயிலிலிருந்து காக்கும் கவசம் ஒரு முடியைவிட மெல்லியது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் இந்த அடுக்கில்தான் கலக்கப்பட்டுள்ளன. தேய்த்துக் குறைத்துவிட்டால் அது மீண்டும் வளராது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளில் எதைத் தடவினாலும் பாலிஷ் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. ஆனால் பாலிஷும் ரப்பிங் காம்பவுண்டும் உராய்வுத்துகள் கொண்டவை. அவை கிளியர் கோட்டின் மேற்பரப்பைச் சீவி, கீறல்களைச் சமப்படுத்துகின்றன. மெழுகும் சீலன்ட்டும் அதற்கு நேர்மாறாக, எதையும் எடுக்காமல் மேலே ஒரு படலத்தைச் சேர்க்கின்றன. பழைய அம்பாசடர்களில் கிளியர் கோட் கிடையாது. நிறப்பூச்சே வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த வெளுத்த தோல் துணியில் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வர, அடியிலிருந்து புது நிறம் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ் போட வேண்டும் என்ற வழக்கம் அந்தக் காலத்துக்குப் பொருத்தமானது. அதையே இன்றைய காரில் செய்தால், நாம் தேய்த்துக் கழிப்பது திரும்பக் கிடைக்காத கவசத்தை. ஆகவே இந்த ஒப்பீட்டில் பாலிஷ் ஒரு தேர்வாக இடம்பெறவில்லை.

கடற்கரை நகரத்தில் இந்த மெல்லிய அடுக்குக்கு எதிரிகள் பலர். மே மாத நண்பகலில் அடர்நிறக் காரின் கூரை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில் பறவை எச்சம் விழுந்தால், அதிலுள்ள யூரிக் அமிலம் ஒருபுறம் வேலை செய்ய, சூட்டில் இளகி விரிந்த கிளியர் கோட் மாலையில் குளிரும்போது இறுகிய எச்சத்தின் வடிவத்துக்கே ஒடுங்கிக்கொள்வதால், கழுவிய பின்னும் மங்கிய தழும்பு நிற்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்று. நகரம் முழுவதும் கட்டடப் பணிகளின் சிமென்ட் தூசி. இவற்றோடு போகிப் புகைச் சாம்பலும் தீபாவளி வெடி மருந்துத் தூசியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பலரும் பொருட்படுத்தாத ஓர் எதிரி, கழுவுவதற்கென்று நாம் ஊற்றும் தண்ணீரே.

எனவே கழுவும் முறைகளை முதலில் ஒப்பிடுகிறேன். அடுக்குமாடிகளில் மிகப் பரவலானது, மாதம் ஐந்நூறு முதல் எண்ணூறு ரூபாய் வரை பெற்றுக்கொண்டு ஒருவர் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. செலவு குறைவு, கார் எப்போதும் சுத்தமாகத் தோன்றும். ஆனால் சாலைத் தூசியில் இருப்பவை பெரும்பாலும் மணல் துகள்கள். குவார்ட்ஸ் எனும் அந்தக் கனிமம் கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமானது. தண்ணீர் ஊற்றி இளக்காமல், அந்தத் துகள்களின் மேலேயே துணியை அழுத்தி இழுக்கும்போது ஒவ்வொரு நாளும் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. என் முதல் கார் கருநீலம். ஓர் ஆண்டு முடிவதற்குள், தெருவிளக்கின் அடியில் நிறுத்தினால் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போலத் தெரிந்தது. அந்த வலையை நீக்கத்தான் பாலிஷ் கடைக்குப் போக நேர்ந்தது. அங்கே கிளியர் கோட்டில் ஒரு பங்கை இழந்தேன்.

இதில் துடைப்பவரைக் குறை சொல்வது நியாயமாகாது. விடியற்காலை நாலரை மணிக்கு வந்து, ஒரே வாளித் தண்ணீரில் இருபது கார்களை முடித்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர்மேல் சுமத்தியவர்கள் நாம்தான். நான் செய்த மாற்றம் எளிது: அவருடைய சம்பளத்தைக் குறைக்காமல், தினமும் கண்ணாடிகளையும் பின்பார்வைக் கண்ணாடிகளையும் சக்கரங்களையும் மட்டும் துடைக்கச் சொன்னேன், உடற்பகுதியில் துணியே படக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கும் வேலை குறைந்தது, காருக்கும் அன்றாடக் கீறல் நின்றது.

இரண்டாவது, சர்வீஸ் நிலையத்தின் வாட்டர் வாஷ். நானூறு முதல் எழுநூறு ரூபாய் ஆகும். அழுத்த நீர் பெரும்பகுதி மணலைத் துணி படாமலேயே தள்ளிவிடுகிறது. நுரை, மீதித் தூசியை இளக்கித் தூக்குகிறது. ராம்ப்பில் ஏற்றி அடிப்பகுதியைக் கழுவுவது, உப்புக்காற்று வீசும் இடத்தில் நிற்கும் காருக்கு வீட்டில் நம்மால் தர முடியாத நன்மை. குறை என்னவென்றால், நுரைக்குப் பின் வரும் ஸ்பாஞ்சு. அதே ஸ்பாஞ்சு சற்றுமுன் தரையில் கிடந்திருக்கும், அதற்குமுன் வேறொரு காரின் சேற்றைத் தேய்த்திருக்கும். சில இடங்களில் பயன்படுத்தும் காரத்தன்மை மிகுந்த சோப்பு, நாம் பூசிய மெழுகையும் கழற்றிவிடும். கடைசியில் துடைப்பது பெரும்பாலும் பனியன் வேஸ்ட் துணி. அதில் தையலும் மணலும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். என் பரிந்துரை, அழுத்த நீர், நுரை, அடிப்பகுதிக் கழுவல் ஆகிய மூன்றை மட்டும் அவர்களிடம் பெற்றுக்கொண்டு, தேய்ப்பதற்கும் துடைப்பதற்கும் சொந்த மைக்ரோஃபைபர் துணிகளைக் கையோடு கொண்டு செல்வது. முதல்முறை கொஞ்சம் வியப்போடு பார்ப்பார்கள். மறுப்பவர்கள் அரிது.

மூன்றாவது, வாரம் ஒருமுறை நாமே இரண்டு வாளிகளால் கழுவுவது. ஒரு வாளியில் காருக்கென்றே விற்கப்படும் நடுநிலை ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக ஒரு பகுதியைத் துடைத்ததும், கையுறை வடிவத் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பின்னரே ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். மணல் அலசும் வாளியின் அடியில் தங்கிவிடும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுப்பதும், சக்கரத்துக்குத் தனித் துணி வைத்துக்கொள்வதும் முக்கியம். பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெய்ப்பசையை அகற்றவே தயாரிக்கப்பட்டது. அது மெழுகையும் சேர்த்தே அகற்றும். முக்கால் மணி நேரமும் முப்பது நாற்பது லிட்டர் தண்ணீரும் இதற்குப் போதும். திறந்துவிட்ட ஹோஸ் குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தில் ஹோஸ் வைத்துக் கார் கழுவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கோடையில்தான் நான்காவது முறையைக் கற்றேன். அலசத் தேவையில்லாத கழுவுதிரவம் என்று ஒன்று கிடைக்கிறது. அதன் பாலிமர்கள் தூசித் துகளைச் சூழ்ந்து வழுவழுப்பாக்கித் துணிக்குள் இழுத்துக்கொள்கின்றன. ஒரு வாளி, எட்டுப் பத்து லிட்டர் தண்ணீர், நாலைந்து மடித்த துணிகள். ஒவ்வொரு பகுதிக்கும் துணியின் புதுப் பக்கம். வாரத் தூசிக்கு இது முழுமையாகப் போதுமானது. ஆனால் ஐப்பசி மழையில் சேறு அப்பிய காரில் இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு அழுத்த நீர்தான் வேண்டும்.

இனித் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த திடப்பொருள்களின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுக்கிறது. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் அந்த முதல் எல்லையை எளிதாகக் கடந்துவிடும். அது உலரும்போது கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகத் தங்குகின்றன. வெயிலில் சில வாரங்கள் கிடந்தால் கிளியர் கோட்டை அரித்துக் குழியாக்கிவிடுகின்றன. சிக்கனம் கருதி ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரால் கார் கழுவுபவர்கள் உண்டு. தரை துடைக்க அது நல்லது. ஆனால் மூலத் தண்ணீரில் இருந்த உப்புகள் இன்னும் செறிந்து வெளியேறுவதுதான் அந்த நீர் என்பதால் காருக்கு அது கேடு. மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது, உப்பு ஏறக்குறைய இல்லாதது. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவில் சில லிட்டர் சேரும். துணியால் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். வெள்ளை வட்டங்கள் புதிதாக இருந்தால், நிழலில் வைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்து உடனே கழுவினால் கரைந்துவிடும்.

இந்த அடித்தளம் அமைந்த பிறகே பூச்சுகளின் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. கார்னூபா மெழுகு, வடகிழக்கு பிரேசிலின் வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் இலைகளிலிருந்து உதிர்த்து எடுக்கப்படுகிறது. நீர் ஆவியாவதைத் தடுக்க அந்த மரம் தனக்கே பூசிக்கொள்ளும் காப்பு அது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. ஆனால் டப்பாவில் இருப்பது தூய கார்னூபா அன்று, எண்ணெய்களும் மென்மையான மெழுகுகளும் கலந்த கலவை. அது அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே இளகும். திறந்தவெளியில் நின்ற என் கருநீலக் காரில் சித்திரை வெயிலில் அது நாலைந்து வாரங்களுக்கு மேல் நின்றதில்லை. ஆண்டுக்கு எட்டு ஒன்பது முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். அடர்நிறங்களுக்கு அது தரும் ஆழமான ஒளியை வேறு எதிலும் நான் காணவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிழலான கார் நிறுத்தமும், அந்த வேலையில் விருப்பமும் உள்ளவர்கள் மெழுகைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு அது முதல் மூன்று மாத உற்சாகத்தோடு நின்றுவிடும்.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர்களால் ஆனது. மெழுகைப் போல வெயிலில் இளகாமல் பரப்போடு நன்றாகப் பற்றிக்கொள்கிறது. நல்ல சீலன்ட் நம் வெயிலிலும் நான்கு மாதம் தாக்குப்பிடிக்கிறது. எனவே ஆண்டுக்கு மூன்று முறை போதும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில், மழை ஓய்ந்த பின் தையில், கத்திரி வெயிலுக்கு முன் சித்திரையில். தொள்ளாயிரம் ரூபாய்ப் புட்டி ஒன்று ஏழெட்டு முறைக்கு வருமாதலால், ஐந்து ஆண்டுச் செலவு இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும். மெழுகின் அழகில் பத்தில் ஒன்பது பங்கு கிடைக்கிறது. முதல்முறை பூசும் முன், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவிப் பார்க்க வேண்டும்; சொரசொரப்பு தட்டுப்பட்டால், ஒட்டிப் படிந்த இரும்புத் தூசியையும் பெயின்ட் துளிகளையும் கிளே எனப்படும் களிக்கட்டியால் வழுக்கும் திரவம் தெளித்து எடுத்துவிட்டே பூச வேண்டும்.

டெஃப்லான் கோட்டிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாணலியில் டெஃப்லான் உறுதியாக ஒட்டக் காரணம் உயர் வெப்பத்தில் சுடுவது. அதன் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். எந்தக் காரையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. விற்பனையகத்தில் பூசப்படுவது நடைமுறையில் ஒரு சாதாரண சீலன்ட்டின் வேலையைத்தான் செய்கிறது. நாலாயிரமோ ஆறாயிரமோ கொடுப்பதற்கு அதில் நியாயம் எனக்குத் தெரியவில்லை.

செராமிக் கோட்டிங் உண்மையிலேயே வேறு வகை. சிலிக்கான் சார்ந்த சேர்மங்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் தடிமனுள்ள கடினப் படலமாக இறுகுகின்றன. வேதிப்பொருள்களைத் தாங்கும், தூசி எளிதில் கழுவிப் போகும், முறையாகப் பராமரித்தால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். ஆனால் விளம்பரத்தில் வரும் 9 எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோல் அன்று. சாவிக் கீறலையும் சாலைக் கல்லையும் இரண்டு மைக்ரான் எப்படித் தடுக்கும்? பூசுவதற்கு முன் பரப்பைப் பாலிஷ் செய்வதும் கட்டாயமாகிறது. புதுக் கார் என்றால் மிக மெல்லிய பாலிஷே போதும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் தண்ணீர். செராமிக் பரப்பில் நீர் உருண்டைகளாகத் திரள்வதால், உலரும்போது உப்பு முழுவதும் சிறு வட்டத்துக்குள் செறிந்து படிகிறது. என் இரண்டாவது காருக்கு இருபத்துநாலாயிரம் ரூபாய் கொடுத்துப் பூசினேன். நான் மூன்று மாதம் வெளியூர்ப் பணியில் இருந்தபோது குடியிருப்பின் கிணற்று நீரால் கழுவி உலரவிட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கூரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். வினிகருக்கு அசையவில்லை. மீண்டும் பாலிஷ் செய்து அந்த இடத்துக்குப் புதிதாகப் பூச வேண்டும் என்றார்கள். உத்தரவாதம் இதற்குப் பொருந்தாது என்பது தாளின் பின்பக்கத்தில் இருந்தது. இது அந்தப் பூச்சின் மோசடி அன்று. கழுவும் முறையைச் சரிசெய்யாமல் பூச்சை நம்பியதன் விளைவு. பணம் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நிம்மதிக்காகச் செராமிக் வாங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அது கவலையைக் குறைக்கும் பூச்சு அன்று, கூடுதல் கவனத்தைக் கேட்கும் பூச்சு.

கல் தெறிப்பை உண்மையில் தடுப்பது பி.பி.எஃப். ஒன்றே. 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம் என்பதால் அது காரின் பெயின்ட் முழுவதையும்விடத் தடிமனானது. நல்ல வகைகளில் சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே ஆறிவிடும். முழுக் காருக்கும் லட்சக்கணக்கில் ஆகும் என்பதால், பம்பர், பானெட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகள், கதவுக் கைப்பிடிக் குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டலாம். மாதம் நாலைந்து முறை திருச்சி, பெங்களூர் நெடுஞ்சாலைகளில் லாரிகளின் பின்னால் போகிறவர்களுக்கு இது வீண்செலவு அன்று. டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த பகுதியில் மட்டும் ஒட்ட வேண்டாம். கழற்றும்போது பெயின்ட்டும் உரிந்து வரக்கூடும்.

இந்த நிலையில் என் தேர்வு தெளிவானது. காரை வேறொருவர் கழுவுகிறார், கிணற்று நீர்தான் கிடைக்கிறது, கார் வெயிலில் நிற்கிறது என்றால் சீலன்ட். படலம் பாழானாலும் இழப்பு நூற்றுச் சொச்சம் ரூபாய்தான், அடுத்த பருவத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். வெள்ளை, வெள்ளிநிறக் கார்களில் நுண்கீறல் எளிதில் தெரியாது என்பதால் அவற்றுக்குச் செராமிக்கின் கூடுதல் பளபளப்பு பெரிதாகப் பயன்படாது. கூரையுள்ள நிறுத்தம், சொந்தக் கையால் வாரக் கழுவல், நல்ல தண்ணீர் மூன்றும் அமைந்து, அடர்நிறக் காரை ஏழெட்டு ஆண்டு வைத்திருக்க எண்ணினால் செராமிக்குக்குக் கொடுக்கும் பணம் திரும்பக் கிடைக்கும். கார் கவர் போட்டுவிட்டால் இவை ஒன்றும் வேண்டாம் என்று கருத வேண்டாம். தூசி படிந்த காரின்மேல் கவரை இழுத்துப் போடுவதும், காற்றில் அது அசைவதும் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

இரண்டாவது காரில் செராமிக் தேய்ந்துபோன பிறகு நான் சீலன்ட்டுக்கே திரும்பிவிட்டேன். புரட்டாசிப் பூச்சை ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவேன், ஏனெனில் அன்று பானெட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஓரிரு நாள் வெயிலில் காய்ந்தால், பூச்சில்லாத வெளிர்நிறப் பெயின்ட்டில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை தங்கிவிடும். படலம் இருந்தால், மறுநாள் காலை மாலையைக் கழற்றும்போதே ஒரு குவளைத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். தையிலும் சித்திரையிலும் நாள் பார்ப்பதில்லை. கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் தகடாகப் பரவி நிற்கத் தொடங்கினால், அந்த வார இறுதியிலேயே புட்டியை எடுத்துவிடுகிறேன்.